கரைக்கு எட்டாத செய்தி

வைகாசி பிறந்ததும் வெள்ளவத்தைக் கடலின் குரல் மாறிவிடுகிறது. மாசியிலும் பங்குனியிலும் புகையிரதப் பாதைக்கு அப்பால் மெல்ல முணுமுணுத்துக் கிடந்த கடல், தென்மேற்குப் பருவக்காற்று எழுந்தவுடன், பாதையைக் காப்பதற்குக் கொட்டப்பட்ட கருங்கற்களின்மீது இரவு பகலாக மோதத் தொடங்குகிறது. மாலையில் அலுவலகம் விட்டு வருவோரும் பாடசாலை மாணவரும் தண்டவாளத்தைக் கடந்து அக்கற்களின்மீது அமர்ந்து காற்று வாங்குவர். இளைஞர் சிலர் நீரிலும் இறங்குவர்.

அதே கடலை நகரின் மறுமுனையிலிருந்து நோக்குவோரும் உளர். கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், மேகத்தையும் அலையையும் மாறிமாறிப் பார்த்து நிற்கும் மீனவர் அவர். வெள்ளவத்தையில் பெரும்பாலார்க்குக் கடல் ஓய்வு தருகிறது. முகத்துவாரத்தில் அது சோறு தருகிறது.

இவ்விரு சாரார்க்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. இன்று கடல் என்ன செய்யும்? இக்கேள்விக்கு விடை கூறும் பொறுப்பை யார் ஏற்றனர், எப்பொழுது ஏற்றனர், யாருக்காக ஏற்றனர் என்பதே இக்கட்டுரையின் பொருள். காற்றின் வருகையை முன்னறிந்தவர்கள் அச்செய்தியை முதலில் யாரிடம் சொன்னார்கள் என்று பார்த்தால், அவர்கள் வாழ்ந்த சமுதாயம் யாருடைய உயிரை மதித்தது என்பது தெரிந்துவிடும்.

காற்றை அறிந்தவர்

தமிழன் காற்றுக்குப் பெயரிட்டவன். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். ஈழத்துக் கரையோர மக்கள் சோளகம், கச்சான் என்னும் பெயர்களையும் இவற்றோடு சேர்த்து வழங்குவர். பெயரிட்டது அழகுக்காக மட்டுமன்று. எந்தக் காற்றில் பாய் விரிக்கலாம், எந்தக் காற்றில் வள்ளத்தைக் கரையேற்ற வேண்டும் என்பது உயிரைப் பற்றிய விஷயம். பருவக்காற்றைக் குறிக்க ஐரோப்பியர் வழங்கும் சொல்லும் பருவம் எனப் பொருள்படும் ‘மௌசிம்’ என்ற அராபியச் சொல்லிலிருந்தே பிறந்தது. அதனை அவர்கள் இந்துமாக்கடல் மாலுமிகளிடமிருந்து கற்றனர்.

இவ்வறிவு எழுத்தில் இருந்ததைவிடத் தொழிலில் இருந்தது. மேற்குக் கரையில் தென்மேற்குக் காற்று மூர்க்கமாக வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். எனவே நீர்கொழும்புப் பகுதி மீனவர் அக்காலத்தில் வலைகளோடு முல்லைத்தீவு போன்ற கரைகளுக்குச் சென்று வாடியமைத்துத் தொழில் செய்து, காற்று மாறியதும் மீண்டுவருவது நெடுங்கால வழக்கம். வல்வெட்டித்துறை மாலுமிகள் பருவக்காற்றை நம்பியே வங்கக் கடலைக் கடந்தனர். அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

மக்களின் இவ்வறிவை விஞ்ஞானம் எவ்வாறு ஏற்றுக்கொள்கிறது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. உள்ளூரில் காற்றே இல்லாத நாளில், வானம் தெளிந்திருக்கும்போது, கடல் திடீரெனப் பொங்கிக் கரையோர வீடுகளுக்குள் புகுவதைக் கேரள மீனவர் ‘கள்ளக்கடல்’ என்றனர். திருடனைப்போல ஓசையின்றி வருவது என்பது பொருள். பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் தென்கடலில் எழும் புயல்கள் உண்டாக்கும் நெட்டலைகள் நாட்கணக்காகப் பயணம் செய்து வந்து நமது கரைகளில் மோதுவதே இதன் காரணம் எனப் பின்னர் ஆராய்ச்சியாளர் விளக்கினர். அம்மீனவரின் சொல்லையே 2012-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனமும் ஏற்றுக்கொண்டது.

வெள்ளவத்தையில் நீராடுவோர் அறிய வேண்டிய உண்மையும் இதிலே அடங்கியுள்ளது. கொழும்பில் வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே இக்கடலில் ஆபத்து வற்றுப்பெருக்கால் வருவது அரிது, அலையால் வருகிறது. கரைக்கு அப்பால் நீருள் மறைந்து கிடக்கும் மணற்கற் பாறைகளைத் தாண்டி வந்து விழும் நீர், மீண்டும் கடலுக்குச் செல்ல வழி தேடுகிறது. பாறைகளின் இடைவெளி எங்கே உண்டோ அங்கே அது ஆறுபோல ஒன்றுசேர்ந்து வெளியே பாய்கிறது. அவ்விடத்தில் அலை உடையாது. மேற்பரப்பு அமைதியாகத் தோன்றும். கடலறியாதவன் அதுவே நீராடத் தக்க இடம் என எண்ணி இறங்குகிறான். நீரோட்டம் அவனை உள்ளே இழுத்துச் செல்கிறது. எதிர்த்து நீந்துபவன் களைத்து மூழ்குவான்; கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துபவன் அந்த நீரோட்டத்தினின்றும் விலகிப் பிழைப்பான். கரையில் வளர்ந்த மீனவச் சிறுவனுக்கு இது பாலபாடம். இரண்டு தெருக்களுக்கு அப்பால் மாடி வீட்டில் வளரும் மாணவனுக்கு இதனை எவரும் சொல்வதில்லை.

எனினும் பழைய அறிவுக்கு எல்லை உண்டு என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. அது பருவத்தை அறியும். வானத்தின் குறிகளை அறியும். அந்தமான் தீவுகளுக்கு அருகே நேற்று உருவாகிய தாழமுக்கத்தை அது அறியாது. அதனை அறியப் பாரமானி வேண்டும்; தொலைவிலுள்ள ஊர்களின் அளவுகளை ஓரிடத்தில் ஒன்றுசேர்க்கத் தந்தி வேண்டும்; அவற்றையெல்லாம் செலவு செய்து நடத்த ஓர் அரசு வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவை மூன்றும் நம்மை ஆண்டவர் கையிலேயே இருந்தன.

கல்லால் எழுந்த காவல்

கொழும்பு இயற்கையாக அமைந்த நல்ல துறைமுகம் அன்று. தென்மேற்குக் காற்றுக்கு அது திறந்து கிடந்தது. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு ஆடிக்கொண்டிருக்க, சரக்குகளைத் தோணிகளில் ஏற்றியிறக்க வேண்டியிருந்தது. அதனால் பெருங்கப்பல்கள் காலித் துறைமுகத்தையே நாடின. ஆனால் மலைநாட்டுக் கோப்பியும் அதன்பின் தேயிலையும் கொழும்பு வழியாகவே வெளியேற வேண்டியிருந்தன. வர்த்தகரின் தேவை கடலுக்குச் சுவர் எழுப்பச் செய்தது.

1875 டிசெம்பர் 8-ஆம் நாள், பிற்காலத்தில் ஏழாம் எட்வேட் மன்னரான வேல்ஸ் இளவரசர் கொழும்பு அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டினார். சேர் ஜோன் கூட் என்ற பொறியியலாளர் வகுத்த திட்டப்படி, நாலாயிரம் அடிக்கு மேல் நீண்ட தென்மேற்கு அணை 1885-இல் நிறைவெய்தியது. 1912 அளவில் ஏனைய அணைகளும் எழுந்து, கொழும்பு எப்பருவத்திலும் கப்பல் தங்கக்கூடிய துறைமுகமாயிற்று. காலியின் புகழ் மங்கியது. கொழும்பு கீழைத்தேயக் கப்பற்பாதையின் சந்தியாயிற்று.

அடிக்கல்லில் இளவரசரின் பெயர் உண்டு. அணைக்கு வேண்டிய கல்லை மகரையில் உடைத்தவர்களின் பெயர்கள் எக்கல்லிலும் இல்லை. அங்கே இவ்வேலைக்கென்றே சிறைச்சாலை அமைக்கப்பட்டுக் கைதிகள் கல்லுடைக்க வைக்கப்பட்டனர். அவர்கள் உடைத்த கல்லின் மறைவில் கப்பல்கள் பாதுகாப்பாக நின்றன. அக்கப்பல்களில் சரக்கேற்றிய தொழிலாளர் கொட்டாஞ்சேனையின் சந்துகளிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறினர்.

அந்த அணை வீண் என்று நான் கூற வரவில்லை. அது பெரும் பொறியியற் சாதனை; நகரின் வாழ்வும் அதனோடு பிணைந்தது. ஆயினும் அதன் அளவு கப்பலின் அளவைக் கொண்டு வகுக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது. மீனவருக்கெனத் துறைமுகங்களைப் பொறுப்பேற்று நடத்தும் கூட்டுத்தாபனம் இந்நாட்டில் 1972-இலேயே நிறுவப்பட்டது. கப்பலுக்கு நாட்டிய அடிக்கல்லுக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது.

கப்பலுக்கு வந்த எச்சரிக்கை

கல்லுக்கு நேர்ந்ததே செய்திக்கும் நேர்ந்தது. சுழன்று வீசும் பெரும்புயலுக்கு ‘சைக்கிளோன்’ என்ற பெயரைச் சூட்டியவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். 1848-இல் வெளிவந்த அவருடைய நூல் மாலுமிகளின் கைந்நூலாகவே எழுதப்பட்டது. 1864 ஒக்டோபர் 5-ஆம் நாள் கல்கத்தாவைச் சூறாவளி தாக்கிற்று. ஊக்ளி ஆற்றின் வழியே ஏறிய கடல்நீர் ஏறத்தாழ அறுபதினாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று என மதிப்பிடப்பட்டது. அடுத்த மாதமே மசூலிப்பட்டினம் அழிந்தது. இவ்விரு அழிவுகளின் பின் 1865-இல் இந்தியாவின் முதற் புயலெச்சரிக்கை ஏற்பாடு உருவாயிற்று. இறந்தவர்களிற் பெரும்பாலார் ஆற்றோரத்துக் கிராமத்தவர். ஏற்பாடோ கல்கத்தாத் துறைமுகத்துக்காகச் செய்யப்பட்டது. 1875-இல் இந்திய வானிலைத் திணைக்களம் தோன்றியது. துறைமுகக் கம்பங்களில் எண்ணிட்ட கூண்டுகள் ஏறலாயின. கம்பத்தைக் காணும் தூரத்தில் இருந்தவனுக்கே அவற்றால் பயன்.

ஆண்ட நாட்டிலும் இக்கதை வேறுவிதமாக இருக்கவில்லை. 1859 ஒக்டோபரில் ‘ரோயல் சாட்டர்’ என்ற கப்பல் வேல்ஸ் கரையில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதனால் நெஞ்சு வெதும்பிய றொபேட் பிட்ஸ்றோய் என்ற கடற்படை அதிகாரி 1861-இல் தந்தி மூலம் புயலெச்சரிக்கை அனுப்பும் முறையைத் தொடங்கினார். ஏழை மீனவர் வாழும் ஊர்களுக்குப் பாரமானிகளை அரசு செலவில் கொடுத்து, பொதுவிடத்தில் யாவரும் பார்க்க மாட்டுவித்தவரும் அவரே. அவர் 1865-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு அறிஞர் குழுவொன்று அவருடைய முறைக்குப் போதிய விஞ்ஞான ஆதாரம் இல்லையென்று கூற, எச்சரிக்கைகள் நிறுத்தப்பட்டன. ஆனால் கடலோர மக்கள் விடவில்லை. அவர்களுடைய கோரிக்கையின் வலிமையால் 1867-இல் புயலெச்சரிக்கை மீண்டும் தொடங்கிற்று. எச்சரிக்கையைத் தங்கள் உரிமையாகக் கேட்டுப் பெற்ற மக்கள் அவர்கள். அடிமை நாட்டிலே அவ்வாறு கேட்கும் வாய் எமக்கு இருக்கவில்லை.

கொழும்பில்

இலங்கையில் மழையையும் காற்றையும் அளக்கும் வேலை முதலில் நில அளவைத் திணைக்களத்தின் ஒரு கிளையாக நடந்தது. 1907-இல் கொழும்பில் புல்லர்ஸ் வீதியில், இன்று பௌத்தாலோக மாவத்தை எனப்படும் இடத்தில், அவதான நிலையம் அமைந்தது. அது தனித் திணைக்களமானது 1948-இல். நாடு சுதந்திரமடைந்த ஆண்டு. 1925 டிசெம்பரில் கொழும்பு வானொலி ஒலிபரப்பத் தொடங்கியிருந்ததால், கம்பத்தைக் காணாத ஊருக்கும் செய்தி செல்லும் வழி அதற்கு முன்னரே பிறந்துவிட்டது. ஆனால் வானொலிப் பெட்டி வாங்கக்கூடிய குடிசைகள் அப்பொழுது எத்தனை?

கோட்டையில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தின் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. 1857-இல் கட்டப்பட்ட அக்கோபுரம் 1867 முதல் வெளிச்சவீடாகவும் விளங்கிற்று. காலப்போக்கில் அதனைச் சூழ வர்த்தக நிலையங்களின் உயர்ந்த கட்டடங்கள் எழுந்தன. கடலிலிருந்து வருபவனுக்கு விளக்கு தெரியாமற் போயிற்று. 1952-இல் அவ்வொளி அணைக்கப்பட்டது. கடலோரத்தில் புதிய வெளிச்சவீடு ஏற்றப்பட்டது. விளக்கு எரிந்துகொண்டேயிருந்தாலும் இடையில் எழுந்த சுவர்களால் அது பயனற்றுப் போகலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. செய்திக்கும் கரைக்கும் இடையே எழும் சுவர்கள் கண்ணுக்குத் தெரிவன அல்ல என்பதே வேறுபாடு.

இரு சூறாவளிகள்

சென்ற தலைமுறைத் தமிழரில் பலர் கொழும்புக் கோட்டையில் இரவுப் புகையிரதம் ஏறித் தலைமன்னார் சென்று, கப்பலிற் கடல் கடந்து தனுஷ்கோடியில் மீண்டும் புகையிரதம் ஏறியவர்கள். 1914-இல் திறக்கப்பட்ட அப்பாதை அரை நூற்றாண்டு நீடித்தது. 1964 டிசெம்பர் 22-ஆம் நாள் தெற்கு அந்தமான் கடற்பரப்பில் உருவான சூறாவளி இலங்கையின் வடபகுதியைக் கடந்து பாக்குநீரிணையில் இறங்கியது. அன்று நள்ளிரவு தனுஷ்கோடி என்ற ஊரே அலைக்குள் மறைந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ஆம் இலக்கப் புகையிரதம் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடலால் வாரிக்கொள்ளப்பட்டது. அதிலிருந்தோர் 110 பயணிகளும் 5 ஊழியரும் என்பது அதிகாரபூர்வமான கணக்கு. இரு நாடுகளிலும் இறந்தோர் தொகை ஆயிரத்தெண்ணூறு அளவில் எனப்படுகிறது. வழியிலிருந்த சைகைக்கம்பம் பழுதுற்று நின்றதாகவும், சாரதி தம் பொறுப்பில் வண்டியைச் செலுத்தியதாகவும் கூறுவர். முன்னால் என்ன நிகழ்கிறது என்பதை அவருக்குச் சொல்ல எவரும் இருக்கவில்லை.

பதினான்கு ஆண்டுகளின் பின், 1978 நவெம்பர் 23-ஆம் நாள், மட்டக்களப்பின்மீது மற்றொரு சூறாவளி இறங்கிற்று. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பத்து இலட்சம் அளவான மக்கள் பாதிக்கப்பட்டனர். தென்னந்தோப்புகள் முறிந்து கிடந்தன. இவ்வேளைக்குள் உலகம் வெகுதூரம் சென்றிருந்தது. முதல் வானிலைச் செய்மதி 1960-இலேயே விண்ணில் ஏறிவிட்டது. சூறாவளியை மேலிருந்து படம் பிடிக்க முடிந்தது. ஆயினும் கண் விண்ணுக்கு ஏறிய வேகத்தில் குரல் கரைக்கு இறங்கவில்லை.

ஒரு புகையிரதமும் ஓர் ஒலிபெருக்கியும்

இவ்வுண்மையை மறக்கவியலாதவாறு நமக்குக் கற்பித்த நாள் 2004 டிசெம்பர் 26. அன்று காலை இலங்கை நேரப்படி ஏழு மணிக்குச் சற்று முன், சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்தது. பதினைந்து நிமிடங்களுக்குள் ஹவாயிலுள்ள பசிபிக் எச்சரிக்கை நிலையம் தன் அறிக்கையை வெளியிட்டது. பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்றது அது. அந்நிலையம் எந்தக் கடலுக்காக அமைக்கப்பட்டதோ அந்தக் கடலைப் பற்றிப் பேசிற்று. இந்துமாக்கடலுக்கு அத்தகைய ஏற்பாடே இருக்கவில்லை.

அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. கல்முனையும் மட்டக்களப்பும் முல்லைத்தீவும் அழிந்த பின்னரும், தென்மேற்குக் கரைக்கு அது சுற்றி வர மேலும் நேரம் இருந்தது. அன்று காலை கொழும்பிலிருந்து புறப்பட்ட ‘சமுத்திராதேவி’ புகையிரதம், வெள்ளவத்தையில் நாம் அமர்ந்து காற்று வாங்கும் அதே பாதை வழியாகக் காலியை நோக்கிச் சென்றது. ஒன்பதரை மணியளவில் பெரலியவில் அதனை அலை பிடித்தது. ஆயிரத்தெழுநூறு பேர்வரை அங்கே மாண்டனர். உலகப் புகையிரத வரலாற்றில் அதனைவிடக் கொடிய விபத்து இல்லை. கிழக்குக் கரை அழிந்த செய்தி ஒரு சிறு தீவின் மறு கரையை எட்டி, ஒரு வண்டியை நிறுத்த முடியவில்லை. விஞ்ஞானம் போதாமையால் நேர்ந்த சாவு என்று இதனைக் கூறமுடியுமா?

அதே நாளில், புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள நல்லவாடு என்னும் மீனவக் கிராமத்தில் நடந்ததை இதனோடு ஒப்பிடுக. அங்கே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையுடன் ஊர்த் தகவல் நிலையம் ஒன்று இயங்கிவந்தது. அலையின் உயரத்தையும் காற்றையும் ஒலிபெருக்கி வழியே மீனவருக்கு அறிவிப்பது அதன் வழக்கமான வேலை. சிங்கப்பூரில் இருந்த அவ்வூரவர் ஒருவர் தொலைக்காட்சியிற் செய்தி கண்டு, உடனே ஊருக்குத் தொலைபேசியிற் சொன்னார். ஊரார் ஒலிபெருக்கியை முடுக்கி மக்களைக் கரையைவிட்டு ஓடுமாறு கூவினர். மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த அவ்வூர் உயிரிழப்பின்றித் தப்பியது. படகுகளும் வீடுகளும் போயின; மனிதர் எஞ்சினர். அவர்களிடம் செய்மதி இல்லை. செய்தியை ஏற்று ஊருக்குச் சொல்லும் பழக்கம் இருந்தது. ஒவ்வொரு நாளும் உண்மை சொன்ன குரல் ஆகையால், அன்று அது சொன்னதையும் மக்கள் நம்பினர்.

கரையில் நிற்பதற்கும் விலை உண்டு

ஆழிப்பேரலையின் பின் 2005-இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் பிறந்தது. அதற்கென நிலையம் அமைந்தது. இந்துமாக்கடலுக்கும் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. ஆயினும் 2011 நவெம்பர் 25-ஆம் நாள் தென்கரையில் திடீரென வீசிய காற்றில் மீனவர் பலர் இறந்தனர். 2013 யூன் 8-ஆம் நாள் மேற்கு, தென்மேற்குக் கரைகளில் தெகிவளை முதல் பலப்பிட்டி வரையும் அதற்கப்பாலும் ஐம்பதுக்கு மேற்பட்ட மீனவரின் உயிர் போயிற்று. தெகிவளை வெள்ளவத்தைக்கு அடுத்த ஊர். எச்சரிக்கை உரிய வேளையில் வரவில்லை என்ற குரல் இரு முறையும் நாடெங்கும் எழுந்தது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். எச்சரிக்கை வந்தால் மட்டும் போதுமா?

முதலில் அதன் மொழியை நோக்குவோம். புத்தளத்திலிருந்து கொழும்பு, காலி ஊடாக அம்பாந்தோட்டை வரையான கடற்பரப்பில் காற்று மணிக்கு இத்தனை கிலோமீற்றர் வேகத்தில் வீசும், கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்ற அறிவிப்பை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதே வாக்கியத்தைப் பெருங்கப்பலின் தலைவனும் கேட்கிறான். பல நாள் கடலில் தங்கும் இயந்திரப் படகின் தண்டலும் கேட்கிறான். இருபதடி நீளமான கண்ணாடியிழைப் படகில் விடியுமுன் புறப்படுபவனும் கேட்கிறான். முதலாமவனுக்கு அது சிறு தொல்லை. மூன்றாமவனுக்கு அது மரணம். நீண்ட கடற்கரை முழுவதற்கும் பருவம் முழுவதும் ஏறக்குறைய ஒரே வாக்கியம் சொல்லப்பட்டால், கேட்பவன் அதனைக் காலநிலையாகக் கொள்வானேயன்றி எச்சரிக்கையாகக் கொள்ளான். எந்தப் படகு, எந்தக் கரையிலிருந்து, எந்த நேரத்தில் போகக்கூடாது என்று, அவனுடைய மொழியில், சிங்களத்திலும் தமிழிலும் ஒரே வேளையில் சொல்லப்படும்போதே அது எச்சரிக்கையாகும்.

இரண்டாவது, அதற்குக் கீழ்ப்படிவதற்கு அவனிடம் வசதி உண்டா என்பது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து படகுகளில் இயந்திரம் பொருத்தப்பட்டது. இயந்திரம் அவனைத் தொலைவுக்குக் கொண்டு சென்றது; கூடவே எரிபொருட் செலவையும் கடனையும் கொண்டு வந்தது. படகு பிறருடையது, வலை கடனுக்கு வாங்கியது, பிடித்த மீனின் விலையைத் தீர்மானிப்பவன் சம்மாட்டி அல்லது முதலாளி. ஒரு நாள் கரையில் நின்றால் அன்றைய அடுப்பு எரியாது. ஒரு வாரம் நின்றால் வட்டி ஏறும். இந்நிலையில் உள்ளவனிடம் “கடலுக்குப் போகாதே” என்று சொல்லிவிட்டு, அவன் போய் இறந்தபின் “சொன்னோம், கேட்கவில்லை” என்பது நீதியாகுமா? அவன் அறியாமையால் போகவில்லை. கடலையும் கடனையும் நிறுத்துப் பார்த்து, கடலே இரக்கமுள்ளது என்ற முடிவுக்கு வந்து போகிறான்.

இது தீர்க்கமுடியாத துன்பம் அன்று என்பதற்கு உலகில் சான்றுகள் உண்டு. 1970 நவெம்பரில் வங்கத்தின் கரையைத் தாக்கிய சூறாவளி மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொன்றது. அதன்பின் சுதந்திரமடைந்த வங்காளதேசம், உலகின் மிக வறிய நாடுகளில் ஒன்றாயிருந்தும், கிராமந்தோறும் தொண்டரைத் திரட்டி ஒலிபெருக்கியும் கொடியும் கொடுத்தது. கரையோரங்களில் உயர்ந்த புகலிடங்களைக் கட்டிற்று. 1991-இலும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆனால் முயற்சி தளரவில்லை. 2007-இல் கடுஞ்சூறாவளி ஒன்று வந்தபோது இறந்தோர் தொகை நாலாயிரத்துக்கும் குறைவு. கியூபாவிலே 1963-இல் ஒரு சூறாவளி ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அதன்பின் தெருத்தெருவாக மக்களைத் திரட்டி அமைத்த பாதுகாப்பு முறையால், 2004-இல் ‘ஐவன்’ சூறாவளியின்போது இருபது இலட்சம் அளவான மக்கள் இடம் பெயர்க்கப்பட்டனர்; அந்நாட்டில் ஓர் உயிரும் போகவில்லை. காற்று அங்கெல்லாம் பழைய காற்றே. மாறியது மனிதர் தம்மை ஒழுங்குபடுத்திக்கொண்ட முறை.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? அறிவு வளர்ந்துகொண்டேயிருந்தது. அது முதலில் கப்பலுக்குச் சென்றது. பின்னர் சரக்குக்குச் சென்றது. கடைசியாகவே மனிதனிடம் வந்தது. அவ்வாறு வந்தபோதும் கம்பத்தையோ வானொலிப் பெட்டியையோ இன்று கைத்தொலைபேசியையோ கொண்டவனிடமே முதலில் வந்தது. அணை கட்டிய காலத்தில் அந்நியர் ஆட்சி என்று காரணம் கூறினோம். இன்று அக்காரணம் இல்லை.

மீனவக் கிராமம் ஒவ்வொன்றிலும் நாள்தோறும் உண்மை சொல்லும் ஓர் ஒலிபெருக்கி இருத்தல் வேண்டும். கடலுக்குச் செல்லாதே என்று அரசு கூறும் நாளுக்கு, அன்றைய உணவுக்கு உரிய கொடுப்பனவும் அரசின் கடமையாதல் வேண்டும். வானிலை அறிஞரும் கடலோரக் கிழவரும் ஒரே மேசையில் அமர்ந்து எச்சரிக்கையின் சொற்களை வகுத்தல் வேண்டும். ‘கள்ளக்கடல்’ என்ற சொல்லை உலகம் ஏற்கும்போது நாம் ஏன் தயங்க வேண்டும்? கடலோரப் பாடசாலைகளில் நீரோட்டத்தையும் பருவக்காற்றையும் பாடமாக்குதல் வேண்டும்.

இந்த இறுதிக் குறையில் எனக்கும் பங்கு உண்டு. சில ஆண்டுகளாக நான் வகுப்பிலே நெய்தற்றிணை கற்பித்து வருகிறேன். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் யாவற்றையும் மாணவர் பிழையின்றி ஒப்புவிப்பர். சென்ற ஆண்டு ஒருநாள், சாளரத்துக்கு வெளியே தென்னோலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தபோது, “இப்பொழுது வீசுவது எந்தக் காற்று?” என்று கேட்டேன். வகுப்பு மௌனமாயிருந்தது. பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மாணவன் மட்டும் மெல்ல எழுந்து, “சோளகம், சேர். இண்டைக்கு அப்பா கடலுக்குப் போகேல்லை” என்றான்.

அவன் தகப்பன் அன்று கரையில் நின்றார். அன்றிரவு அவர்கள் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.